காற்றுக்கு விலை வைத்தவர்கள்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி டென்மார்க் அரசின் எரிசக்தித் துறை ஓர் ஏலத்தின் முடிவை அறிவித்தது. வட கடலில் மூன்று இடங்களில், குறைந்தது 3 கிகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் அமைக்கும் உரிமைக்கான ஏலம் அது. அரசு மானியமாக ஒரு க்ரோனும் தராது. உரிமை பெறும் நிறுவனமே கடற்பரப்பைப் பயன்படுத்துவதற்காக அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் அரசு 20 விழுக்காட்டுப் பங்கையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இவை நிபந்தனைகள். கெடு முடிந்து பார்த்தபோது ஏலம் கேட்டவர் ஒருவருமில்லை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2021 டிசம்பரில், அதே வட கடலில் 'தோர்' என்ற காற்றாலைப் பண்ணைக்கு நடந்த ஏலத்தில் நிலைமை நேரெதிராக இருந்தது. அரசுக்குப் பணம் தருவதாக முன்வந்த பல நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகையைத் தொட்டுச் சமமாக நின்றதால், கடைசியில் குலுக்கல் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று மின்சாரம் வளர்ந்து ஆளாகிவிட்டது, இனி அது சந்தையின் பொறுப்பு, அரசு கைகட்டி நிற்கலாம் என்று பலரும் எழுதினார்கள். பிறகு வட்டி ஏறியது. எஃகின் விலை ஏறியது. இருபது ஆண்டு கழித்து மின்சாரம் என்ன விலைக்குப் போகும் என்ற ஐயம் எழுந்தது. மூன்றே ஆண்டுகளில் குலுக்கல் பானை காலியாகிவிட்டது.

இச்செய்தி வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்தால் நாம் கடந்து போயிருப்போம். டென்மார்க் அப்படியல்ல. இன்று உலகெங்கும் சுழலும் மூன்று இறகுக் காற்றாலை உருப்பெற்ற இடம் அது. தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து பெறும் நாடு. கரியை எரிக்காத எரிசக்திக்கு மாறுவதில் அரசின் இடம் எது, சந்தையின் இடம் எது என்று விவாதிப்போர் இரு தரப்பினருமே டென்மார்க்கைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி என்ன சொல்கிறது என்பதை முதலிலிருந்து கேட்டுப் பார்ப்பது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

*

கதை 1891-இல், ஜுட்லாண்ட் தீபகற்பத்தின் தெற்கே அஸ்கோவ் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே ஒரு மக்கள் உயர்பள்ளி இருந்தது. பாதிரியாரும் கவிஞருமான க்ருண்ட்விக்கின் சிந்தனையிலிருந்து பிறந்தவை இப்பள்ளிகள். குளிர்காலத்தில் வயல்வேலை ஓய்ந்தபின் குடியானவர் வீட்டு இளைஞர்கள் வந்து தங்கிப் படிப்பார்கள், தேர்வுமில்லை, பட்டமுமில்லை. அதே ஜுட்லாண்டில்தான் 1882-இல் யெடிங் என்னும் ஊரின் விவசாயிகள் டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணையைத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்து முதலிட்டு, சேர்ந்து நடத்தி, ஆளுக்கேற்பப் பங்கு பிரித்துக்கொள்ளும் பழக்கம் அந்த மண்ணில் இவ்வாறு வேரூன்றியது. பின்னால் வரப்போகும் காற்றாலைக் கதையில் இப்பழக்கத்துக்கு எந்தப் பொறியியல் கண்டுபிடிப்புக்கும் குறையாத பங்குண்டு.

அஸ்கோவ் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் பவ்ல் லா கூர். முன்னாள் வானிலை ஆய்வாளர். நகரங்களுக்கு மின்விளக்கு வந்துவிட்டது, கிராமங்களுக்கு யார் கொண்டுவருவார்கள் என்பது அவருடைய கவலை. அரசிடம் விண்ணப்பித்தார், அரசு நிதி தந்தது. அந்தப் பணத்தில் பள்ளி வளாகத்தில் ஒரு சோதனைக் காற்றாலையை நிறுவினார். காற்று நினைத்தபோது வீசும், நினைத்தபோது நிற்கும் என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழி இன்றைக்கும் வியப்பளிப்பது. காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் வாயுவாகச் சேமித்தார். 1895 தொடங்கி ஏழாண்டுகள் பள்ளியின் விளக்குகள் அந்த வாயுவில் எரிந்தன. சில சமயம் வாயு வெடித்துச் சன்னல் கண்ணாடிகளை மாற்ற வேண்டியிருந்தது என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

லா கூர் செய்த இரண்டாவது காரியம் இன்னும் நீண்டநாள் நின்றது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, பல இறகுகள் கொண்டு மெல்லச் சுழலும் ஆலையைவிடச் சில இறகுகளுடன் வேகமாகச் சுழலும் ஆலையே மின்சாரத்துக்கு ஏற்றது என்று கண்டார். மூன்றாவதாக, கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணி கற்றுத் தந்து ஊர்களுக்கு அனுப்பினார். அவர் 1908-இல் காலமானார். பத்தாண்டு கழித்து, முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், டென்மார்க்கில் ஏறத்தாழ 120 உள்ளூர் மின்நிலையங்களில் காற்றாலை ஓடிக்கொண்டிருந்தது.

*

லா கூரிடம் 1904-இல் பயின்ற மாணவர்களில் ஒருவர் யொஹான்னஸ் யூல். பிற்காலத்தில் ஒரு மின்வழங்கு நிறுவனத்தில் பொறியாளரானார். ஓய்வுபெறும் வயதில்தான் ஆசிரியரின் பாடத்துக்குத் திரும்பினார். மார்ஷல் திட்டத்தின் பணமும் சேர, 1957-இல் நாட்டின் தென்கோடியில் கெட்ஸர் என்ற கடற்கரை ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை எழுப்பினார். காற்றை எதிர்நோக்கும் மூன்று இறகுகள். எளிய ஒத்தியங்கா மின்னாக்கி. காற்று மிகும்போது இறகின் வடிவமே வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. அதையும் மீறினால் இறகு நுனிகள் திரும்பித் தடை போடும் ஏற்பாடு. பெரிய பழுதின்றிப் பத்தாண்டுகள் ஓடியது.

1967-இல் அதை நிறுத்திவிட்டார்கள். காரணம் இயந்திரத்தில் இல்லை. மத்தியக் கிழக்கிலிருந்து கப்பலில் வந்த எண்ணெயை எரித்தால் மின்சாரம் அதைவிட மலிவாகக் கிடைத்தது. கணக்கர்கள் கூட்டிய கணக்கில் தவறு ஏதுமில்லை. அன்றைய விலைகளை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்ததே சரி. ஆனால் ஆறாண்டுகளுக்குப் பின் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கணக்கேட்டில் பத்தி இல்லை. கெட்ஸரை மூட வேண்டாம், ஒரு காப்பீடாக இருக்கட்டும் என்று சொல்லும் கடமை அரசுக்கு இருந்தது; அரசும் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்கு விற்காமல் அப்படியே விட்டுவைத்தது மட்டுமே நற்பேறு.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் போனார்கள். அரசும் மின்நிறுவனங்களும் அணுமின்சாரமே தீர்வு என்றன. அதை எதிர்த்து 1974-இல் ஒரு மக்கள் இயக்கம் உருவானது. சிரிக்கும் சிவப்புச் சூரியன் பொறித்த அதன் சின்னம் 1975-இல் பிறந்து உலகெங்கும் பரவியது. அணு வேண்டாம் என்போர் வேறு எது வேண்டும் என்று காட்டியாக வேண்டும் அல்லவா? காட்ட முன்வந்தவர்களில் பலர் பொறியியல் பட்டம் பெறாதவர்கள்.

கிறிஸ்டியன் ரீஸாகர் ஒரு தச்சர். கெட்ஸரின் வடிவத்தைச் சிறிதாக்கி, கிடைத்த மரத்தையும் வாகன உதிரிப் பாகங்களையும் கொண்டு 22 கிலோவாட் ஆலையொன்றைச் செய்தார். அதைப் பார்த்து ஊரார் தமக்கும் கேட்டார்கள். உல்ஃப்போர்க் அருகே ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் 1975 முதல் 1978 வரை உழைத்து 2 மெகாவாட் காற்றாலையைக் கட்டி முடித்தார்கள். அன்று உலகிலேயே பெரியது அது. இறகு செய்யும் நுட்பத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை. சிறு பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

*

அதே ஆண்டுகளில் பெரிய அரசுகள் என்ன செய்தன என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நாசா காற்றாலை ஆய்வை ஏற்றது. போயிங் போன்ற விமான நிறுவனங்கள் இரண்டு இறகு கொண்ட மாபெரும் இயந்திரங்களை வடிவமைத்தன. 1979-இல் வட கரோலினாவின் பூன் நகருக்கு மேலே மலையில் நின்ற 2 மெகாவாட் ஆலையின் இரைச்சலைப் பற்றிக் கீழே குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள். இரண்டாண்டுகளில் அது ஓய்ந்தது. மேற்கு ஜெர்மனி 'க்ரோவியான்' என்ற 3 மெகாவாட் இயந்திரத்தை 1983-இல் நிறுவியது. நூறு மீட்டர் விட்டம், இரண்டு இறகுகள். நான்காண்டுகளில் அது ஓடிய நேரம் சுமார் 420 மணி மட்டுமே. டென்மார்க் அரசும் இந்த ஆசைக்கு விலக்கல்ல. நீபே என்ற இடத்தில் தலா 630 கிலோவாட் திறனுள்ள இரண்டு ஆலைகளை மின்நிறுவனங்களோடு சேர்ந்து கட்டியது. அவற்றிலிருந்தும் விற்பனைக்குரிய இயந்திரம் எதுவும் பிறக்கவில்லை.

ஆகவே, அரசு நினைத்தால் எதையும் செய்துவிடும் என்போர்க்கு இக்காலம் ஆறுதல் தராது. எல்லாம் தெரிந்த பொறியாளர்கள், குறையாத பணம், மேலிருந்து வந்த கட்டளை ஆகிய மூன்றும் இருந்தும் இயந்திரங்கள் உடைந்தன. ரகு கருட், பீட்டர் கார்னோ என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் இந்த இரு வழிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரே தாவலில் உச்சியை எட்ட முயன்ற அமெரிக்க வழி தோற்றது. கையில் உள்ளதை வைத்து ஒட்டியும் திருத்தியும் முன்னேறிய டேனிஷ் வழி வென்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. பட்டறையில் கற்றவை ஒவ்வொன்றும் அடுத்த இயந்திரத்தில் ஏறின.

ஆனால் பட்டறைக்காரர்கள் தாமாகவே வென்றார்கள் என்று முடிவு கட்டினால் அதுவும் பிழையாகும். இங்கேதான் டென்மார்க் அரசு செய்த, அதிகம் பேசப்படாத ஒரு காரியம் வருகிறது.

ரோஸ்கில்டே அருகே ரிஸோ என்ற இடத்தில் ஒரு தேசிய ஆய்வுக்கூடம் இருந்தது. நீல்ஸ் போரின் முனைப்பில் அணு ஆராய்ச்சிக்காக எழுந்த கூடம் அது. 1978-இல் அதன் ஒரு மூலையில், சிறிய நிதியில், ஒருசில இளம் பொறியாளர்களோடு சிறு காற்றாலைகளுக்கான சோதனை நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது: காற்றாலை வாங்குவோர்க்கு விலையில் 30 விழுக்காடு மானியம். ஒரே நிபந்தனை, அந்த இயந்திரம் ரிஸோவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் விளைவு பெரிது. மானியமில்லாமல் விற்க முடியாது, ஒப்புதலில்லாமல் மானியமில்லை, ஆகவே ஒவ்வொரு பட்டறையும் தன் இயந்திரத்தை ரிஸோவுக்குக் கொண்டுவந்தது. புயலில் கட்டுமீறிச் சுழன்று சிதறிய ஆலைகளின் அனுபவத்திலிருந்து, ஒன்று தவறினால் மற்றது பிடிக்கும்படி இரண்டு தனித்தனித் தடைகள் வேண்டும் என்றார்கள் ரிஸோவின் பொறியாளர்கள். அவர்கள் வடிவமைப்பைக் கட்டளையிடவில்லை. கணக்குப் போட உதவினார்கள், குறையைச் சொன்னார்கள், தேறாததைத் திருப்பி அனுப்பினார்கள். ஆசிரியரும் தேர்வாளரும் ஒருவராகவே இருந்த அபூர்வ ஏற்பாடு. இயந்திரங்களின் விலை இறங்க இறங்க மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-இல் அரசு முற்றிலும் நிறுத்தியது.

வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. 1978-இல் காற்றாலை உரிமையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். எந்த நிறுவனத்தின் எந்த ஆலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எது எப்படிப் பழுதானது என்று அச்சங்கத்தின் இதழ் மாதாமாதம் வெளியிட்டது. தரமறிந்து வாங்குவோன் இருந்தால்தான் போட்டிக்குப் பொருளுண்டு என்று பொருளியல் நூல்கள் சொல்லும். அந்த அறிவை டென்மார்க்கில் ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு விவசாயிகள் இதழும் சேர்ந்து கட்டித் தந்தன.

வாங்கியோரில் பெரும்பாலோர் கூட்டாளிகள். பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆலை வாங்கும். ஆலைக்கு அருகில் குடியிருப்போரே பங்கு பெறலாம். தம் வீட்டுத் தேவையை ஒட்டிய அளவுக்கே பங்கு. பழைய பாற்பண்ணையின் இலக்கணம் இங்கே திரும்பி வந்தது. விளைந்த மின்சாரத்தை மின்நிறுவனங்கள் சில்லறை விலையின் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் வாங்கிக்கொள்ள 1980களில் உடன்பாடு ஏற்பட்டது. அது முறிந்தபோது 85 விழுக்காடு என்று 1992-இல் அரசு சட்டமாக்கியது. இடையில் 1985-இல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. 100 மெகாவாட் காற்றாலைகளை மின்நிறுவனங்களே நிறுவ வேண்டும் என்ற உடன்பாடும் அவ்வாண்டுதான் ஏற்பட்டது. 1986-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. கெட்ஸரை மூடச் செய்த அதே நிலைமை. இம்முறை அரசு எரிபொருள் வரியை உயர்த்தி, வீழ்ந்த விலை மக்களின் கணக்கை மாற்றிவிடாமல் தடுத்தது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. எண்ணெயிலிருந்து விலகிய டென்மார்க் அந்த ஆண்டுகளில் சாய்ந்தது நிலக்கரியின் மேல். 1990-இல் அதன் மின்சாரத்தில் காற்றின் பங்கு 2 விழுக்காடு அளவே. வானைப் பற்றிய கவலை பின்னால் வந்தது. அந்நிய எண்ணெயைப் பற்றிய அச்சம்தான் முதலில் வந்தது. ஆனால் அந்த 2 விழுக்காட்டுக்குள் ஒரு தொழிலே உருவாகியிருந்தது.

*

கொல்லுப்பட்டறையில் தொடங்கி விவசாய வண்டிகளும் பாரந்தூக்கிகளும் செய்து வந்த வெஸ்டாஸ் நிறுவனம், கார்ல் எரிக் யோர்கன்சன், ஹென்ரிக் ஸ்டீஸ்டல் என்ற இருவரின் வடிவமைப்பை வாங்கி 1979-இல் காற்றாலைத் தொழிலில் இறங்கியது. சில ஆண்டுகளில் அதற்குக் கலிஃபோர்னியாவின் கதவு திறந்தது. அங்கே காற்றாலையில் முதலிடுவோர்க்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து முதலீட்டில் ஏறத்தாழப் பாதியை வரிச்சலுகையாகத் தந்தன. முதலிட்டதற்குச் சலுகை, மின்சாரம் விளைந்ததா என்று கேள்வியில்லை. ரிஸோ போன்ற வாயிற்காவலனும் இல்லை. அல்டமாண்ட், டெஹாச்சப்பி மலைவாயில்களில் ஆயிரக்கணக்கான ஆலைகள் முளைத்தன. அவசரத்தில் செய்யப்பட்ட பல உள்ளூர் இயந்திரங்கள் சீக்கிரமே நின்றுபோயின. கனமான, பழைய பாணியிலான டேனிஷ் ஆலைகள் ஓடின.

1985 முடிவில் மத்திய அரசின் சலுகை காலாவதியானது. அடுத்த ஆண்டே ஆர்டர்கள் வற்றின. 1986 அக்டோபரில் வெஸ்டாஸ் கடனைத் திருப்ப முடியாமல் முறிந்தது. மற்றத் தொழில்களை விற்றுவிட்டு 1987-இல் காற்றாலை மட்டுமே செய்யும் நிறுவனமாக மறுபிறவி எடுத்தது. இரண்டு அரசுகளும் பணம் தந்தன. ஒன்று தரம் பார்த்துத் தந்தது, சொல்லிவிட்டு மெல்லக் குறைத்தது. மற்றொன்று எதையும் பாராமல் தந்தது, ஒரு நள்ளிரவில் நிறுத்தியது. இரண்டின் விளைவும் ஒரே நிறுவனத்தின் வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது.

இக்கதையில் நம் ஊரும் வருகிறது. 1986-இல் இந்தியாவின் முதல் சோதனைக் காற்றாலைப் பண்ணைகள் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் அமைந்தபோது, அங்கே நின்றவை வெஸ்டாஸின் 55 கிலோவாட் இயந்திரங்கள். அடுத்து, டென்மார்க் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான டானிடாவின் பணத்தில் மேலும் பண்ணைகள் வந்தன. கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் ரிஸோவின் தொழில்நுட்பத் துணையோடு எழுந்தது. அதை நடத்தும் தேசிய நிறுவனம் சென்னையில் 1998-இல் அமைந்தது. உதவி என்பது ஒரு புறம். முறிந்து எழுந்த ஒரு தொழிலுக்கு அது சந்தையாகவும் அமைந்தது மறு புறம்.

இயந்திரம் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஊக்கும் முறையோ கலிஃபோர்னியாவை ஒத்திருந்தது. முதலாண்டிலேயே ஆலையின் விலை முழுவதையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது 1990களின் சலுகை. கோவை, திருப்பூர் ஆலை முதலாளிகள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் முதலிட்டார்கள். விளைந்ததை மின்வாரியத்தின் கம்பிகளில் அனுப்பித் தம் ஆலையில் எடுத்துக்கொள்ளவும், ஆடிக்காற்றின் மிச்சத்தை வாரியத்தின் கணக்கில் இருப்பு வைக்கவும் வழி இருந்தது. இச்சலுகையில்லாமல் முப்பந்தல் இன்றைய முப்பந்தலாகியிராது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சலுகை ஆலைக்குத்தான், அது தரும் யூனிட்டுக்கு அல்ல என்னும்போது மார்ச் மாதக் கணக்கு முடிவதற்குள் நட்டுவிடும் அவசரமே மேலோங்கும். விளையும் மின்சாரத்துக்கு ஊக்கத்தொகை என்ற திட்டம் 2009-இல்தான் வந்தது. 2012-இல் தேய்மானச் சலுகை நிறுத்தப்பட்டதும் புதிய ஆலைகள் குறைந்தன; 2014-இல் அது திரும்பியது. ஆலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர் தம் வீட்டுத் தேவைக்கு ஏற்பப் பங்கு வாங்கும் முறை மட்டும் இங்கே வந்து சேரவேயில்லை. நிலத்தை விற்றவர், அல்லது காவலுக்கு நிற்பவர் என்பதாகவே அவர்களுக்கும் காற்றாலைக்குமான உறவு நின்றுவிட்டது.

*

டென்மார்க்கிலும் அந்த முறை நிலைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1990களின் இறுதியில் லட்சத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் குடும்பங்கள் காற்றாலைப் பங்கு வைத்திருந்தன. 2000-இல் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடில்க்ருண்டன் திட்டில் எழுந்த 20 ஆலைகளில் பாதி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். 2001-இல் ஆட்சி மாறியது. சந்தையை நம்பிய புதிய அரசு, திட்டமிட்டிருந்த கடற்பண்ணைகள் மூன்றைக் கைவிட்டது. உறுதியான கொள்முதல் விலையும் போனது. 2004-லிருந்து சில ஆண்டுகள் டென்மார்க்கில் புதிய காற்றாலை என்பதே அநேகமாக இல்லை. 1990-இலேயே இதேபோன்ற கொள்முதல் சட்டம் இயற்றிய ஜெர்மனியும் மற்ற நாடுகளும் வாங்கியதால் டேனிஷ் நிறுவனங்கள் பிழைத்தன.

பிறகு அரசு திரும்பி வந்தபோது ஆலைகள் வளர்ந்து கோபுரங்களாகிவிட்டன. பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கும் காலம் போய்விட்டது. வெளியூர் நிறுவனம் வந்து நடும் ஆலையை ஊரார் எதிர்க்கத் தொடங்கினர். அயலாருக்கு 20 விழுக்காட்டுப் பங்கை விற்க முன்வர வேண்டும் என்று 2009-இல் நடப்புக்கு வந்த சட்டம், இழந்ததை மருந்தாகத் திருப்பித் தர முயன்றது. 1970களில் எண்ணெய், எரிவாயுவுக்காக அரசு தொடங்கிய டாங் நிறுவனம் இதற்குள் உலகின் பெரிய கடற்காற்றாலை நிறுவனமாகிவிட்டிருந்தது. அதில் ஒரு பங்கை அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மன் சாக்ஸுக்கு விற்பது என்று 2014-இல் அரசு முடிவெடுத்ததும் ஒரு கட்சி கூட்டணி ஆட்சியிலிருந்தே வெளியேறியது. நிறுவனத்தின் இன்றைய பெயர் ஓர்ஸ்டட். பெரும்பான்மைப் பங்கு இன்றும் அரசிடமே.

*

இப்போது அந்த வெற்று ஏலத்துக்குத் திரும்புவோம். சந்தை கைவிட்டது என்று சொல்வது எளிது. அரசு பேராசைப்பட்டது என்று சொல்வதும் எளிது. நமக்குப் படுவது வேறு. கடலில் ஒரு பண்ணைக்குப் போடும் பணம் முழுவதும் முதல் நாளே போட வேண்டிய பணம். திரும்பி வர இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளின் ஐயத்தை யாரேனும் ஒருவர் தோளில் ஏற்றுக்கொண்டாக வேண்டும். லா கூருக்கு நிதி தந்தபோதும், ரிஸோவின் ஒப்புதலோடு மானியம் தந்தபோதும், 1986-இல் வரியை உயர்த்தியபோதும் டென்மார்க் அரசு அந்த ஐயத்தில் ஒரு பகுதியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டது. அதன்பின் எந்த இயந்திரம் சிறந்தது, யார் மலிவாகச் செய்வார் என்பதைப் பட்டறைகளின் போட்டி முடிவு செய்தது. அதை எந்த அமைச்சகத்தாலும் செய்திருக்க முடியாது. 2024-இல் அரசு ஐயம் முழுவதையும் ஏலம் கேட்போரின் தோளுக்கு மாற்றிப் பார்த்தது. யாரும் தோள் கொடுக்கவில்லை.

2025-இல் அரசு மனம் மாறியது. 3 கிகாவாட்டுக்கு 55 பில்லியன் க்ரோன் வரை ஆதரவு தருவதாக அறிவித்தது. மின்சார விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அரசு ஈடுகட்டும். மேலே போனால் நிறுவனம் திருப்பித் தரும். நாற்பதாண்டுகளுக்கு முன் விவசாயக் கூட்டாளிகளுக்குக் கொடுத்த விலை உறுதியின் பெரிய வடிவம்தான் இது. பெறுவோர்தான் மாறிவிட்டார்கள்.

ஐயத்தைப் பொதுமக்களின் கருவூலம் சுமக்குமானால், ஆதாயத்தில் அவர்களுடைய பங்கு என்ன என்ற கேள்வி மிஞ்சுகிறது. பாற்பண்ணை நடத்திய விவசாயிகளின் பேரர்கள் அதற்கு ஒருமுறை விடை கண்டார்கள். அந்த விடை கைநழுவிப் போனது. கெட்ஸரின் தலைப்பகுதி இன்று ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ட்விண்டில் ஆசிரியர்கள் கட்டிய ஆலை மட்டும் இறகு மாற்றிக்கொண்டு, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, இன்னும் காற்றில் சுழல்கிறது.